மேஜைப் பக்கத்தில் நின்றவர்

கர்த்தருக்குள் பிரியமான என் மனைவிக்கு,

உன் முதுகுவலி தேவலையா? பாப்பாவுக்கு இருமல் நின்றதா? ஆண்டவர் கிருபையால் நான் சுகம்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்படாதே. மேஜைமேல் வைத்திருந்த சூப்பர்வைசரின் போன் காணாமல்போனது. என் அறையில் தங்கியிருக்கும் இஸ்திரிக்காரர்மேல் எனக்கு ஏற்கெனவே சந்தேகம். போனில் கிசுகிசுவென்று பேசுவார், என்னைக் கண்டதும் நிறுத்திவிடுவார். "அண்ணன்தான் மேஜைப் பக்கத்துல நின்னுட்டு இருந்தாரு" என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன்.

எல்லோர் முன்னாலும் அவர் பெட்டியைக் கொட்டினார்கள். இரண்டு சட்டையும் அவர் மகளின் மருந்துச் சீட்டுகளும்தான் விழுந்தன. மறுநாள் போன் அழுக்குத் துணி மூட்டையில் கிடைத்தது.

ஞாயிறு ஆராதனையில் எனக்கு ஜெபிக்க வாய் வரவில்லை. அவரைச் சொன்ன அதே நாக்குதானே! நேரே அறைக்குப் போய், "உங்களச் சொன்னது நான்தான் அண்ணா, மன்னிச்சிருங்க" என்றேன்.

"நான் நின்னது உண்மைதான். ஆனா நீ எதுக்குச் சொன்ன?" என்றார்.

உண்மையைத்தானே சொன்னோம் என்று அதுவரை தேற்றிக்கொண்டிருந்தேன். மறுநாள் கூடத்தில் எல்லோரிடமும் என் தப்பைச் சொன்னேன். இப்போது அவர் என்னைத்தான் சந்தேகமாகப் பார்க்கிறார், பேசுவதில்லை.

பாப்பா ஜெபம் சொல்வதைப் பதிவுசெய்து அனுப்பு. அறையில் ஒரு குரல் கேட்டால் போதும். வேலைக்கு மணியடித்துவிட்டது, வருகிறேன்.

உன் அன்புக் கணவன்