வாசலில் ஒரு பிடி சிவப்புக் காகிதம்

அக்கா,

இன்று விடியற்காலையில் ரோஸ் ஹில் கடைவீதிக்குள் நுழைந்ததும் வெடிமருந்து வாடை மூக்கில் ஏறியது. நேற்று நம் தீவுக்குச் சுதந்திரம் வந்து, நம் நாட்டுக்குப் புதுக்கொடி ஏற்றினார்கள். சீனக் கடைக்காரர்கள் தங்கள் புத்தாண்டுக்குக் கொளுத்தும் சரவெடியை நேற்றும் கொளுத்தித் தள்ளிவிட்டார்கள் போலிருக்கிறது. வாசலுக்கு வாசல் சிவப்புக் காகிதத் துணுக்குகள் மெத்தை போட்டதுபோல் கிடந்தன. விளக்குமாறும் கையுமாக நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள், "என்னக்கா, கால் வலியா?" என்று கேட்டார்கள். காலாவது வலியாவது! நீங்கள் குறுக்கே வந்து நின்றால் நான் எப்படி நடப்பேன்?

நேற்று ஊரே சிரித்தது. நான் மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எதற்கும் அவசரப்படாத மனுஷி நீங்கள். கஞ்சி குடிக்கக்கூட அரைமணி நேரம் எடுத்துக்கொள்வீர்கள். போவதற்கு மட்டும் அப்படி என்ன அவசரம்? ஒரு வருஷம் பொறுத்திருந்தால் கொடியைப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். இந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் கோவில் பள்ளியில் கற்ற எழுத்தை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

வேலைக்கு இறங்குமுன் இப்போதும் இடது மணிக்கட்டில் துணி சுற்றிக்கொள்கிறேன். எனக்கு இடது கைதான் பழக்கம். கற்றாழை நார் ஆலையில் இயந்திரம் என் இடது கையின் மூன்று விரல்களை வாங்கிக்கொண்டபோது எனக்குக் கல்யாண வயது. ஆலையில் இனி வராதே என்றார்கள். கரும்புத் தோட்டத்தில் கத்தி பிடிக்க முடியுமா என்று கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் கோவில் வாசலில் போய் உட்கார்ந்தேன். பின்புறம் கூட்டிக்கொண்டிருந்த நீங்கள் வந்து என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள்.

"பிச்சைக்கு நீட்ட மட்டும் அந்தக் கை நல்லாத்தான் நீளுது. வேலைக்குத்தான் நீளாதோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பத்து விரலு இருக்கிறவங்க என்ன வேணா பேசலாம்" என்று வெடுக்கென்று சொன்னேன். நீங்கள் கட்டியிருந்த பழைய வெள்ளைச் சேலையின் ஓரத்தைக் கிழித்து, விளக்குமாற்றை என் மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டினீர்கள். "இறுக்குதா?" என்று கேட்டீர்கள். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் நீங்கள்தான் கட்டிவிட்டீர்கள். ஒவ்வொரு நாளும் "இறுக்குதா?" என்றும் கேட்டீர்கள். இறுக்கினாலும் நான் இல்லை என்றுதான் சொல்வேன்.

உங்கள் கதையை நீங்கள் சொல்லி முடிக்க வெகுநாள் ஆயிற்று. கான் தெ மாஸ்க் கிராமத்தில் கணவரைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு, ரோஸ் ஹில்லில் அண்ணன் வீட்டுக்கு வந்தீர்கள். அங்கே சமையல், துணி, மாடு எல்லாம் உங்கள் தலையில். கொல்லைப்புறம் கூட்டலாம். முன்வாசல் பக்கம் மட்டும் விளக்குமாற்றோடு போகக் கூடாது. "விடிஞ்சதும் உன் முகத்துல முழிச்சா விளங்குமா?" என்று அண்ணி கேட்டாளாம். அதைச் சொல்லிவிட்டு நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் அண்ணியை நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று துடித்தேன்.

அப்படிப்பட்ட நீங்கள்தான் கடைவீதியைக் கூட்டும் காண்ட்ராக்டைக் கேட்டு வாங்கக் கிளம்பினீர்கள். நாங்கள் பயந்துபோனோம். நாங்கள் என்றால் யார்? மூன்று விரல் போன நான். கரும்பு வண்டி ஏறி ஒரு கால் வளைந்துபோன கணேசன். மூட்டை தூக்கித் தூக்கி முதுகு கூனி, காதும் மந்தமாகிப்போன கிரியோல் கிழவர் ஜோசெஃப். எங்களைப்போல இன்னும் இரண்டு மூன்று பேர். "நம்மள எவன் சேர்த்துக்குவான்?" என்றான் கணேசன்.

"ஆளுக்குக் கூலின்னு கேட்டாத்தானே ஆளப் பாப்பான்? தெருவுக்குக் கூலின்னு கேப்போம். தெரு சுத்தமா இருக்கா, இல்லியா, அத மட்டும் பாக்கட்டும்" என்றீர்கள். யுத்தம் முடிந்து அரிசியும் வேலையும் கிடைக்காமல் ஊர் அல்லாடிய நாள்கள் அவை. உங்களுக்கு அந்த யோசனை எங்கிருந்து வந்ததோ!

நகரசபை ஓவர்சியர் எங்களை வரிசையாக நிற்கவைத்துப் பார்த்தார். "இதில் ஒரு முழு ஆள் எங்கே இருக்கிறான்?" என்று கிரியோல் பாஷையில் கேட்டார். "தெருவப் பாருங்க மிஸ்யே, எங்களப் பாக்காதீங்க" என்றீர்கள் நீங்கள். மனுஷர் கொஞ்சம் அசந்துபோனார். ஒரு மாதம் சோதனைக்குத் தருவதாகச் சொன்னார். கடைக்காரர்களிடமிருந்து ஒரே ஒரு புகார் வந்தாலும் காண்ட்ராக்ட் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றும் சொன்னார்.

அந்த மாதம் நாம் கூட்டிய கூட்டு இருக்கிறதே! தென்னை ஈர்க்கு தேயத் தேயக் கூட்டினோம். முதல் ரயில் வருவதற்குள் கடைவீதி கழுவிவிட்டது மாதிரி இருக்கும். கோவில் வாசலில் எங்களைத் தாண்டிப் போனவர்கள் கடைவீதியில் எங்களுக்கு வழிவிட்டுப் போனார்கள். மாதம் முடியச் சில நாள்களே இருந்தபோதுதான் சீனர்களின் புத்தாண்டு வந்தது.

அதுவரை வெடிச்சத்தத்தைத் தூரத்திலிருந்து கேட்டிருக்கிறோமே தவிர, மறுநாள் காலையில் அந்த வாசல்களில் நமக்கு என்ன வேலை இருந்தது? போய்ப் பார்த்தால் தெரு முழுக்கச் சிவப்பு. "ஐயையோ, ஓவர்சியர் வந்தா தொலைஞ்சோம்! ஒரு துண்டு கிடக்கக் கூடாது" என்று விரட்டினீர்கள். நாமும் விழுந்து விழுந்து கூட்டினோம். மூலைக்கடை வாசலை நீங்களே கூட்டினீர்கள். இடுக்கில் ஒட்டியிருந்ததைக்கூடக் கணேசன் நகத்தால் சுரண்டி எடுத்தான். ஜோசெஃப் கிழவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு குப்பை மேட்டுக்குப் புறப்பட்டார்.

வெயில் ஏறும்போது மூலைக்கடைச் சீனப் பெரியவர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார். வாசலைப் பார்த்தார். அப்படியே தலையில் கை வைத்துக்கொண்டார்.

"லாசான்ஸ்! என் லாசான்ஸ் எங்கே?" என்று அலறினார். அதிர்ஷ்டத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்பது நமக்குத் தெரியும். "வருஷப்பிறப்பு அன்னிக்கு எவளாவது வாசலைக் கூட்டுவாளா? ஒரு வருஷத்து லாசான்ஸையும் வாரிக்கிட்டுப் போயிட்டியே!"

பக்கத்துக் கடைகளும் திறந்தன. எல்லோரும் கூடிக் கத்தினார்கள். ஒருவர் ஓவர்சியரிடம் போகிறேன் என்று கிளம்பியே போய்விட்டார். நீங்கள் எதிர்த்துப் பேசுவீர்கள் என்று உங்களைப் பார்த்தேன். நீங்களோ கடையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டீர்கள். உங்கள் முகம் செத்துப்போயிருந்தது.

"எங்க போனாலும் எனக்கு இதே பேருதாண்டி" என்றீர்கள். "அண்ணி சொன்னது சரிதான். நான் விளக்குமாறு எடுத்தா அடுத்தவங்க அதிர்ஷ்டம் போயிருது."

அக்கா, அந்த நிமிஷம் எனக்குக் காண்ட்ராக்ட் மறந்துபோயிற்று. விரல் போனபோதுகூட நான் அப்படி நொந்ததில்லை. "எழுந்திருங்க! விளக்கு வச்சதுக்கு அப்புறம் வீட்டக் கூட்டினா லட்சுமி போயிடுவான்னு நாம சொல்றதில்லையா? அதையேதான் அவரும் சொல்றாரு. உங்க முகத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று உங்களிடமே கத்தினேன். உங்கள் கண்ணில் ஏதோ பளிச்சென்றது.

"விளக்கு வச்ச பிறகு கூட்டிட்டா நம்ம வீட்டுல என்ன செய்வோம்? குப்பைய வெளிய கொட்டாம மூலையிலயே வச்சிருப்போமில்ல?" என்று மெதுவாகச் சொன்னீர்கள். பிறகு துள்ளி எழுந்தீர்கள். "ஏய், வண்டிய நிறுத்துங்கடா!"

ஓடினோமே, ஒரு ஓட்டம்! வளைந்த காலோடு கணேசன் ஒருபுறம், விளக்குமாறு கையில் தொங்க நான் ஒருபுறம். "ஜோசெஃப்! ஜோசெஃப்!" என்று தொண்டை கிழியக் கத்தினோம். அந்த மந்தக் காதுக்கு எட்டினால்தானே? குப்பை மேட்டில் வண்டியைக் கவிழ்க்கப்போனபோது நான் பாய்ந்து அதன்மேலேயே விழுந்தேன். கிழவர் பயந்துபோய்ச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

சாணத்திலிருந்தும் கோசுத் தழையிலிருந்தும் சிவப்புக் காகிதத்தைப் பொறுக்கிப் பிரித்தோம். திரும்பி வந்து வாசல் வாசலாகப் போடப் போனால் அங்கே புதுச் சண்டை. யாருடைய அதிர்ஷ்டம் யார் வாசலுக்குப் போகிறது? அடுத்த கடைக்காரர் தன் வெடிதான் பெரியது, தனக்குத்தான் கூடுதலாக வேண்டும் என்றார். அந்தக் களேபரத்தில் ஓவர்சியர் சைக்கிளில் வந்து இறங்கினார். கூட்டும் காண்ட்ராக்டை வாங்கிய நாம் கூடைகூடையாகக் குப்பையை வைத்துக்கொண்டு நின்றோம்.

"இதற்குத்தானா காண்ட்ராக்ட்? வாசலில் குப்பை கொட்டுவதற்கா?"

மூலைக்கடைப் பெரியவர் நமக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றார். "நான்தான் போடச் சொன்னேன் மிஸ்யே. நீங்க சும்மா இருங்க" என்றார். பிறகு உங்கள் பக்கம் திரும்பி, "ம், போடு" என்றார்.

நீங்கள் கூடையை என்னிடம் நீட்டினீர்கள். "நீ போடுடி." அவரிடம், "என் கை வேணாம் ஐயா. நான் தாலி அறுத்தவ" என்று தலையைக் குனிந்துகொண்டு கிரியோலில் சொன்னீர்கள்.

பெரியவருக்கு அது ஒன்றும் விளங்கவில்லை. உண்மையாகவே விளங்கவில்லை. எரிச்சலோடு, "வாரிக்கிட்டுப் போனது உன் கைதானே? அந்தக் கை திருப்பிக் கொடுத்தாத்தானே அது என் லாசான்ஸ்? வேற கை போட்டா அது வெறும் காகிதம்" என்றார்.

நீங்கள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு கூடையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, வருஷப்பிறப்புக் காலையில், ஒரு கடையின் முன்வாசலில், உங்கள் கையால் தூவினீர்கள். அடுத்த கடைக்காரர், "எனக்கும் அந்தம்மா கைதான்" என்றார். அதற்கடுத்தவரும் அதையே சொன்னார். கடைவீதி முழுக்க உங்கள் கைக்குக் காத்துநின்றதை நான் பார்த்தேன். ஓவர்சியர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். சைக்கிளில் ஏறிப் போனார். மாதம் முடிந்தது. காண்ட்ராக்ட் நம்மிடமே நின்றது.

பெரியவர் எல்லோருக்கும் காத்தோ லாசீர் என்ற அவர்களுடைய பிசுபிசுப்பு இனிப்பைக் கொடுத்தார். அது பல்லில் ஒட்டிக்கொண்டு ஜோசெஃப் கிழவர் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கூடையின் அடியில் ஒரு பிடி காகிதம் மிச்சமிருந்தது. "அது உன்னுது, உன் வாசல்ல போடு" என்றார் பெரியவர். "எனக்கு ஏதுய்யா வாசல்?" என்று சிரித்தீர்கள். ஆனாலும் அதை முந்தானையில் முடிந்துகொண்டீர்கள்.

வருஷங்கள் கழித்துத் தெருவைப் பார்த்துக் கதவு வைத்த தகர வீடு ஒன்றுக்குக் குடிபோனீர்கள். முதல்நாள் விடியலில் என்னைக் கூப்பிட்டீர்கள். உங்கள் முன்வாசலை நீங்களே கூட்டித் தண்ணீர் தெளித்தீர்கள். பிறகு ஒரு துணி முடிச்சை அவிழ்த்து, சாயம் போய் வெளுத்திருந்த அந்தக் காகிதத்தைத் தூவினீர்கள். "இப்ப போட வாசல் இருக்குல்ல?" என்றீர்கள். அன்று உங்கள் முகத்தில்தான் நான் விழித்தேன். எனக்கு ஒரு கெடுதலும் வரவில்லை அக்கா. அதுமாதிரி ஒரு நல்ல நாள் பிறகு எனக்கு வரவுமில்லை.

உங்களைத் தூக்கிக்கொண்டு போன தெருவை நாங்கள்தான் முன்னால் போய்க் கூட்டினோம். கணேசன் அழுதுகொண்டே கூட்டினான். மூலைக்கடையில் இப்போது இருக்கும் மகன், நீங்கள் போகும்வரை கதவைச் சாத்தி வைத்திருந்தான்.

இன்று காலையில் புதிதாகச் சேர்ந்த, தென்கரைச் சுரினாம் கிராமத்துப் பெண், "இது அவங்க வருஷப்பிறப்பு இல்லையே, கூட்டிறலாமா அக்கா?" என்று கேட்டாள். அவளுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்து ஒரு கை சூம்பிப்போயிருக்கிறது. நான் வேண்டாம் என்றேன். புது ஓவர்சியர் வந்து கேட்டபோது, "இன்னிக்கு இது குப்பை இல்ல மிஸ்யே. நாளைக்குக் குப்பையாகும், அப்பக் கூட்டறோம்" என்றேன். இந்தக் காலத்துப் பையன், சிரித்துவிட்டுப் போய்விட்டான். அந்தப் பெண்ணின் மணிக்கட்டில் நான் துணி கட்டினேன். "இறுக்குதா?" என்று என் வாய் தானாகக் கேட்டது. இல்லை என்றாள். பொய்தான் சொல்கிறாள் என்று தெரிந்து கொஞ்சம் தளர்த்திவிட்டேன்.

பிறகு மூலைக்கடை வாசலில் குனிந்து, மிச்சமிருக்கும் இரண்டு விரலில் அடங்குமளவு சிவப்புக் காகிதம் எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். பூட்டிக் கிடக்கிறது. வாசலைக் கூட்டினேன், தண்ணீர் தெளித்தேன், அந்தப் பிடியைத் தூவினேன். நாளைக்குக் கடைவீதி முழுவதையும் கூட்டிவிடுவோம். உங்கள் வாசலில் கிடப்பதை மட்டும் யாரும் தொடக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.