நாலு வார்த்தையில் ஒரு கொரியா பாஷை

ராயபுரம்,
5-12-53

அண்ணன் மகனானாலும் நான் வளர்த்த பிள்ளையான தவசிமுத்துவுக்கு, சித்தப்பா மாசானம் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் சித்தியும் மளிகைக் கடையும் சுகம், அங்கே பனியில் உன் காதும் மூக்கும் சுகமாயிருக்க முப்பிடாதி அம்மனை வேண்டிக்கொள்கிறோம். நீ பட்டாளத்துச் சமையல்காரனாகக் கொரியாவுக்குக் கப்பலேறிய அன்றே, இனி மெட்ராஸில் கொரியா பாஷைக்குத்தான் மவுசு என்று ஹார்பர் கேட்டில் வைத்துச் சொன்னேன், நீதான் காதில் வாங்கவில்லை, இப்போது எல்லாம் அப்படியே நடக்கிறது. நீ கடுதாசியில் எழுதிய நாலு வார்த்தையை வைத்துக் கடைக்குப் பின்னால் புளி மூட்டைகளுக்கு நடுவே வகுப்பு ஆரம்பித்துவிட்டேன். மூல் என்றால் தண்ணீர், பாப் என்றால் சோறு, அஞ்சா என்றால் உட்கார், வா என்றால் நம்ம வாவேதான், ஆகக் கால்வாசி பாஷை நமக்கு முன்னமே தெரியும். ஒரு வாரத்தில் சரக்கு தீர்ந்துபோனது. வகுப்புக்கு வரும், ஹார்பரில் கிரேன் வேலை பார்க்கும் அமீருதீன், இன்னா மாமு, கொரியாக்காரன் நாலு வார்த்தையிலயா குடும்பம் நடத்திக்கினு கீறான் என்று கேட்டான். நான் அசரவில்லை, வார்த்தையைப் பெருக்கினேன். மூல்பாப் கஞ்சி, மூல்வா மழை, மூலஞ்சா குளம், அஞ்சாபாப் கல்யாணப் பந்தி, பாப்வா பசி. சரக்கு இறக்க வந்த கொரியாக் கேப்டன் ஒருவர் நம்ம வீட்டு மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு இதையெல்லாம் கேட்டார், எங்கள் ஊர் வாத்தியார்களுக்கே இவ்வளவு தெரியாது என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இனிதான் விஷயம். கொரியா போகும் சரக்குக் கப்பலுக்குப் பாஷை தெரிந்த ஆள் வேண்டுமென்று ஒரு கம்பெனியில் கூப்பிட்டார்கள். அமீருதீன் போய் நான் சொல்லிக்கொடுத்ததை நெஞ்சை நிமிர்த்திப் பேசியிருக்கிறான், கேட்டவர்களுக்கு அதுகூடத் தெரியாது, எடுத்துக்கொண்டார்கள். ஹார்பர் வேலையை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டான். அவன் பெண்டாட்டி மலிகா பிள்ளைத்தாய்ச்சி, அவளே வந்து, மாமு உங்க புண்ணியம் என்று சித்தியிடம் ஒரு தூக்கு பிரியாணி கொடுத்துவிட்டுப் போனாள். எனக்கு இறங்கவில்லை. கப்பல் பொங்கலுக்கு மறுநாள் புறப்படுகிறது, அதனால் கறி, முட்டை, விலை, எங்கே, தெரியாது, மன்னிக்கணும், இவற்றுக்கெல்லாம் அசல் வார்த்தை கேட்டு இந்தக் கடுதாசி கண்டவுடன் எழுது. நான் பெருக்கியதையும் அங்கே யாரிடமாவது சொல்லிப் பார், ஒன்றிரண்டு தேறினாலும் தேறும்.

காதில் துணி கட்டாமல் வெளியே போகாதே, வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. நீண்ட ஆயுசோடு நல்லபடியாய் ஊர் வந்து சேர். பதில் தாமதிக்காதே.

இப்படிக்கு
உன் சித்தப்பா
க. மாசானம், கொரியா பாஷை ஆசிரியர்

பின்குறிப்பு: கேப்டனிடம் சரிபார்த்தாயிற்றே, பிறகு என்ன அவசரம் என்று இருந்துவிடாதே. கேப்டன் யாரும் வரவில்லை. அன்றைக்கு நம்ம வீட்டில் மீன்குழம்பும் இல்லை.