ராணியைக் கொடுத்துவிடாதே

தினகரா,

சோறும் காரக்குழம்பும் மூடிவைத்திருக்கிறேன். சாப்பிடு. பஞ்சாயத்து ஆள் நாய் பிடிக்க வந்தால் கதவைத் திறக்காதே.

குழந்தையைக் கடித்தது செவலைத் தெருநாய். ஊரே பார்த்தது. கிராம சபையில் ஒழிக்கத் தீர்மானம் போட்டதோ ராஜபாளையம் நாய்களை. "வெள்ளையா கீது இல்ல, அப்போ ராஜபாளையம்தான்" என்கிறார் மெம்பர். நம் நாய் ராணி, உன் அண்ணி தெருவிலிருந்து தூக்கிவந்த குட்டி.

தீர்மானத்துக்கு நீயும் கை தூக்கினாயாம். டீக்கடையில் சொன்னார்கள். அண்ணி இறந்து இருபது நாள்தான் ஆகிறது.

மாட்டு டாக்டரிடம் ராணி கலப்பு நாய் என்று எழுதி வாங்கப் போகிறேன்.

பி.கு.: அசல் ராஜபாளையமாக இருந்தால் மட்டும் கொல்லலாமா? டாக்டரிடம் போகவில்லை. தீர்மானத்தையே எடுக்கச் சொல்லிப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போகிறேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு நீயும் வா. தூக்கிய கையை அங்கேயே இறக்கு.

அண்ணன்