மூன்று கிழமைக்கு இரவல்

19.09.1995
டொக்டர் லேமன் திருடன்.

சீனாவின் குய்சோ மலைப்பக்கத்து ஷுய் மக்களைப் பற்றி எங்கள் மியூசியத்தில் கண்காட்சி வைக்கப் போகிறார். நடுக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு கையெழுத்துப் புத்தகம். இன்று ஒரு பத்திரிகைக்காரனுக்கு என் மேசைக்கு முன்னால் நின்றே சொன்னார்: “எட்டு வருடத்துக்கு முன் மூன்று கிழமைக்கு இரவல் வாங்கினேன். திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன்.” இரண்டு பேரும் சிரித்தார்கள். வாசலில் கோட் வாங்கி மாட்டுகிற பெட்டை எனக்கு ஜெர்மன் விளங்காது என்று நினைப்பு.

22.09
வெய் லான் பான் நகரப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். ஷுய் பெண். கண்காட்சியின் விளக்க அட்டைகளைத் திருத்த எடுத்திருக்கிறார்கள். அவளைச் சீனத்தி என்கிறார்கள், இலங்கைக்காரி என்னை இந்தியாக்காரி என்கிறார்கள். அதனாலேயே சேர்ந்து தேத்தண்ணி குடிக்கிறோம்.

அந்தப் புத்தகம் அவளுடைய அண்ணனுடையதாம். அதற்காகவே இந்த வேலைக்கு வந்தாளாம். கல்யாணம், வீடு, சவ அடக்கம் எல்லாவற்றுக்கும் நாள் பார்க்கும் புத்தகம். எழுத்து சில நூறுதான், மிச்சம் வாசிக்கிறவன் வாயில். அவனில்லாமல் புத்தகம் ஊமை. புத்தகமில்லாமல் அவன்? எட்டு வருடமாக, நாள் கேட்டு வருகிறவர்களைப் பக்கத்து ஊருக்கு அனுப்புகிறான்.

எனக்கு நல்ல நாள், கூடாத நாளில் நம்பிக்கை இல்லை. இரவல் என்ற சொல்லில் இருக்கிறது.

06.10
திறப்பு விழா. அழைப்பிதழில் ‘ஷுய் புதுவருடம்’. துவான் பண்டிகையை ஊர் ஊராக, முறை வைத்து, வேறு வேறு நாளில் கொண்டாடுவார்கள் என்று லான் சொன்னாள். இம்முறை கண்காட்சிக்குக் காசு கொடுத்த கொம்பனி முதலாளியின் முறை போலும். அவருக்கு வெள்ளிக்கிழமைதான் நேரம்.

பண்டிகைக்கு முதல் நாள் இறைச்சி தொடமாட்டார்களாம், ஆனால் மீன் கட்டாயம். நாங்கள் மன்னாரில் பெரிய வெள்ளிக்குச் சாப்பிடுவது மாதிரி. இங்கே மேசை நிறையப் பன்றி சொசேஜ்.

புத்தகத்தின் திறந்த பக்கத்துக்குக் கீழே ‘செழிப்பை வேண்டும் பக்கம்’ என்ற அட்டை. முதலாளியும் மனைவியும் அதன் முன்னால் கைகோத்துப் படம் எடுத்தார்கள்.

லான் என்னிடம் இறங்கி வந்தாள்.
“அது பிணம் எடுக்க நாள் பார்க்கும் பக்கம்.”
“சொல்லவில்லையா?”
“மூன்று தரம் எழுதிக் கொடுத்தேன். செழிப்புத்தான் அழகாக இருக்கிறதாம்.”
யாரோ ஒருவருடைய கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

11.10
புத்தகத்தைத் திருப்பிக் கேட்டு லான் லேமனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். அவர் இரவல் என்று சொன்னதைக் கேட்ட சாட்சி, அந்தப் பத்திரிகைக்காரனை விட்டால், நான் மட்டுந்தான். கையெழுத்துப் போடுவாயா என்று கேட்டாள்.

வீட்டில் என் கூடப்பிறந்த ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை, ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவிச் சிவந்த கையை ஆட்டிக் கத்தினார்.
“சீனாக்காரன்ர கொப்பிக்காக எங்கட வதிவிட விண்ணப்பத்தைக் கெடுக்கப் போறியே? உன்ர வேலையைக் காட்டித்தானே குடுத்திருக்கிறம்!”
“அவையள் சீனாக்காரர் இல்லை, ஷுய். அது கொப்பியும் இல்லை.”
“ஓம், பெரிய ஆராய்ச்சியாளர்! கோட் கொழுவுற ஆராய்ச்சி!”

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

12.10
கையெழுத்துப் போட்டேன்.

30.11
என் ஒப்பந்தத்தை நீட்டவில்லை. “நிதி இல்லை, அஞ்சலா” என்றார் லேமன், கவலைப்பட்ட முகத்தோடு. அந்த முகத்தையும் எங்கேயோ இரவல் வாங்கியிருப்பார். லானையும் நிறுத்திவிட்டார்கள். இரண்டு கடிதம் போய்விட்டது. ஒன்றுக்கும் பதில் இல்லை.

17.12
அண்ணை இன்னும் என்னோடு கதைப்பதில்லை. ஆனால் காலையில், நான் கையெழுத்துப் போட்டு வைத்திருந்த லானின் மூன்றாவது கடிதத்துக்கு மேலே முத்திரை வாங்கி வைத்திருந்தார். நான் தபாலில் போடவில்லை. நானே மியூசியத்துக்குக் கொண்டு போனேன்.

டிக்கெட் எடுத்துத்தான் உள்ளே போனேன். புதுப் பெட்டை ஒருத்தி என் கோட்டை வாங்கி இலக்கத் தகடு தந்தாள். பெட்டியில் அதே பக்கம், அதே செழிப்பு. கீழே மட்டும் புதிதாக ஒரு வரி: ‘டொக்டர் லேமனின் தனிச் சேகரிப்பிலிருந்து மியூசியத்துக்கு இரவல்.’

கீழே வந்து தகட்டைக் கொடுத்தேன். என் கோட் வந்தது. லேமனும் விருந்தாளிகளோடு படியிறங்கி வந்தார். கடிதத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

“டொக்டர் லேமன், இங்கே ஒரு வருடம் ஊராருடைய கோட் எல்லாம் வாங்கி வைத்தேன். ஒன்றையும் மறந்து வீட்டுக்குக் கொண்டு போகவில்லை. புத்தகத்தை எப்போது திருப்பிக் கொடுப்பீர்கள்?”

அவர் விரல் விரலாகக் கையுறை போட்டுக்கொண்டிருந்தார். விருந்தாளிகள் தரையைப் பார்த்தார்கள்.

மறுபடி கேட்டேன்.

“எப்போது?”