யாரோ அண்ணாச்சியின் துண்டு

நேற்று தென்காசி பேருந்து நிலையத்தில் ஆலங்குளம் வண்டிக்காக நின்றிருந்தேன். சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்த கூட்டம் என்னை இடித்துக்கொண்டு நிற்க, மூலிகை எண்ணெயும் ஈரத்துணியும் கலந்த அந்த வாடை வந்தது. உனக்குப் பிடித்த வாடை, எனக்குத் தலைவலி கொடுக்கும் வாடை. நேற்று மட்டும் மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை.

அங்கேதான் நம் பெரிய சண்டை நடந்தது. ஒரே கல்லூரியில் நான் தத்துவம் நடத்தினேன், நீ மானிடவியல். உன்னைப் பொறுத்தவரை நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவள். நீ ஊர்வம்பு கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள் என்பேன் நான். அன்று வண்டி நிற்பதற்குள் ஒரு துண்டு ஜன்னல் வழியாக உள்ளே பறந்தது. எனக்கு வகுப்பெடுக்கும் வேகம் வந்துவிட்டது.

"பாரு, துணியில ஒண்ணும் இல்ல. ஆனா துண்டு கெடந்தா அது ஒருத்தர் எடம். எந்தச் சட்டத்திலயும் எழுதல. நாம எல்லாரும் ஒத்துக்கிடுதோம், அதனால அது நெசமாயிருது. பணம், பதவி, கல்யாணம் எல்லாம் இப்படித்தான் நிக்குது."

"எல்லாரும்னா யாருட்டி?" என்றாய்.

பதிலுக்குக் காத்திராமல், துண்டு கிடந்த இருக்கைக்குப் பக்கத்து இருக்கையில் உன் கைக்குட்டையைப் போட்டாய். நாம் ஏறிப் போவதற்குள் வேட்டிக்காரர் ஒருவர் அதை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கைக்குட்டையை மரியாதையாக உன்னிடமே நீட்டினார்.

"மொத உக்காருதவங்களுக்குத்தாம்மா எடம்."

"அப்ப அந்தத் துண்டு?"

"அது அண்ணாச்சி துண்டுல்லா."

"எந்த அண்ணாச்சி? தெரிஞ்சவரா?"

"யாருன்னு தெரியாது. யாரோ அண்ணாச்சி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ சண்டை போடவில்லை. ஆலங்குளம் வரை கம்பியைப் பிடித்து நின்றபடியே அவரிடம் கேட்டுக்கொண்டு வந்தாய். பள்ளிக்கூடப் பை கிடந்தால் எடுப்பாரா, பூக்காரியின் கூடை கிடந்தால் எடுப்பாரா என்று. எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். துண்டு போட்டவர் எந்தத் தெருக்காரர் என்று தெரிந்தால் எடுப்பாரா என்று கேட்டபோது மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

இறங்கியதும் சொன்னாய்: "ஒரு வழக்கம் எதனால நிக்குதுன்னு ஒனக்குத் தெரியுது. யாருக்கு நிக்கலன்னு நான் பாக்குதேன். தனித்தனியா நடத்துனா நாம ரெண்டு பேருமே பாதிப் பொய் சொல்லுதோம்."

நம் பாடம் அப்படித்தான் பிறந்தது. ஒரே வகுப்பில் இருவரும் நின்றோம். காலையில் நான் பேசுவேன், மத்தியானம் நீ பிள்ளைகளைப் பேருந்து நிலையத்துக்கும் சந்தைக்கும் அருவிக்கரைக்கும் இழுத்துக்கொண்டு போவாய். பிறகு நீ படுத்தாய், எழுந்திருக்கவில்லை. அதற்காக உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

இன்று காலை பாடத்திட்டக் குழு கூடியது. தலைவர் கனிவாகத்தான் பேசினார். "மேடம், அவங்கதான் இல்லையே. தத்துவத்த மட்டும் வச்சுக்கிடுங்க. பிள்ளைகள எதுக்கு பஸ் ஸ்டாண்டுல நிறுத்துதீங்க?" தலையாட்டியிருந்தால் அப்போதே கையெழுத்தாகியிருக்கும்.

"பாதியா வேண்டாம் சார். முழுசா குடுங்க, இல்லன்னா முழுசா எடுத்துருங்க."

எடுத்துவிட்டார்கள்.

வெளியே வந்து நேராக வகுப்புக்குப் போனேன். மனம் மாறவில்லை. பாடவேளையும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை, விருப்பமிருப்பவர்கள் சனிக்கிழமை தென்காசி பேருந்து நிலையத்துக்கு வாருங்கள் என்று வகுப்பில் சொல்லிவிட்டேன். சிலர் வருகிறோம் என்றிருக்கிறார்கள். யாருமே வராவிட்டாலும் நான் போவேன்.

உன் பங்கையும் இனி நானே நடத்த வேண்டும். உனக்கு முதலில் கேள்வி வரும். எனக்கு முதலில் கோபம் வரும், அது அடங்கிய பிறகுதான் கேள்வி வரும். இந்த வயதில் அதை மாற்றிக்கொள்வது லேசான வேலை இல்லை. மாற்றிக்கொள்வேன். பாடத்தைத்தான் அவர்களால் எடுக்க முடிந்தது. உன்னோடு நின்று நடத்திப் பழகியதை என்னிடமிருந்து எடுக்க முடியாது.