அட்சதை விழுந்த நேரம்

செப்டம்பர் 3, செவ்வாய்

தாம்பரம் மண்டபத்தில் நெட் லைன் பார்த்துவிட்டு வந்தேன். கல்யாணங்களை நெட்டில் நேரலையாகக் காட்டும் எங்கள் முதலாளி தட்சிணாமூர்த்தி சார், "உன் தங்கச்சி கல்யாணம் நம்ம வீட்டுக் கல்யாணம்மா, லைவ் ஃப்ரீ" என்றார். நல்ல மனசுதான். பிட்ரேட், அதாவது நொடிக்கு எவ்வளவு டேட்டா அனுப்புவது என்றால் மட்டும் பிடிவாதம். நொடிக்கு இரண்டு மெகாபிட், கூடவும் கூடாது குறையவும் கூடாது என்றேன். அசைவு அதிகமானால் படம் மங்கும், நிற்காது. "மங்குனா என் பேரு கெட்டுடும்" என்கிறார். அளவைப் படத்தின் போக்குக்கு விட்டால் அசைவு கூடும்போது டேட்டா எகிறும், மண்டப லைன் தாங்காது. தொண்டை வற்றக் கத்தினேன். கடைசியில் சரி என்றார்.

ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அப்பாவுக்கு லீவு கிடையாதாம். அவருக்கு இந்த லைவ்தான் கல்யாணம்.

செப்டம்பர் 4, புதன்

நானே செட் செய்து, "தொடக் கூடாது" என்று லேப்டாப்பில் பேப்பர் ஒட்டினேன்.

செப்டம்பர் 5, வியாழன்

சார் தொட்டுவிட்டார். பாவி மனுஷன்!

நான் மேடையில் தங்கச்சி மஹா பக்கத்தில் நிற்கிறேன். இவர் காலையில் காலி மேடை பளிச்சென்று தெரியட்டும் என்று அளவைப் படத்தின் போக்குக்கு மாற்றியிருக்கிறார். அசையாத மேடைக்கு டேட்டா எதற்கு? அழகாகத்தான் போயிருக்கும். கெட்டிமேளம் கொட்டியதும் முந்நூறு பேர் எழுந்து அட்சதை வீசினார்கள். படம் முழுக்க அரிசி. டேட்டா எகிறி லைவ் நின்றுவிட்டது.

அப்பா போன் செய்தார். "மாப்ள தாலிய கைல எடுத்தாரு. அப்பாலருந்து வட்டம் சுத்திகினே கீது. கட்டிட்டாங்களாமா?"

பெற்ற அப்பா என்னைக் கேட்கிறார். கட்டிட்டாங்களாமா!

"ரெக்கார்டிங் சூப்பரா இருக்கும்மா, பென்டிரைவ்ல தரேன்" என்றார் சார். மண்டபம் என்றுகூடப் பார்க்கவில்லை, வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

செப்டம்பர் 7, சனி

அப்பா பென்டிரைவை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "முடிஞ்சி போனத எப்ப பாத்தா இன்னா?"

வேலையை விட்டுவிடட்டுமா? ஆத்திரம் அடங்கவே மாட்டேன் என்கிறது.

செப்டம்பர் 15, ஞாயிறு

மேடவாக்கத்தில் காந்திமதி என்று யாரோ ஒரு பெண்ணின் கல்யாணம். லேப்டாப் பக்கம் சாரை அண்டவிடவில்லை. அட்சதை நேரத்தில் படம் கூழாகிவிட்டது. "மங்குதேம்மா" என்று பின்னாலிருந்து முனகினார்.

"மங்கட்டும் சார். போய்க்கிட்டே இருக்குல்ல?"

 உடனே அப்பாவின் போன்.

"உங்க சார்தான்மா லிங்க் அனுப்பிச்சாரு. யார் வூட்டுப் பொண்ணோ, கட்டிட்டாங்க. பாத்துட்டேன், நிக்கவேல்ல. கைல அரிசி இல்ல, சும்மாவே கைய வீசினேன்."