மச்சானின் இடுப்பு

ஞாயிறு, இரவு.

இப்படித்தான் நடக்கும் என்று காலையிலேயே எனக்குத் தெரியும். போன வாரம் என் சம்பந்தி எதிரில், "மாமாவுக்கு மூட்டு தேஞ்சுபோச்சு, டம்ளர்தான் தூக்குவாரு" என்று சிரித்தவன் என் மனைவியின் தம்பி.

இன்று அதே சம்பந்தி பார்க்க, ஃபுல் சிலிண்டரை முழங்கால் மடக்கி, வயிற்றோடு அணைத்து, தொடை பலத்தில் தூக்கி மாடியேற்றினேன். பாரம் உடம்பைவிட்டுத் தள்ளிப்போனால் இடுப்புதான் மாட்டும். அதை அவனுக்குச் சொல்லவில்லை. வாசலில் நின்ற இன்னொன்றைக் காட்டினேன்.

"நீ தூக்குடா மச்சான்."

"ஜுஜுபி மாமா!"

முழங்காலை மடக்காமல் குனிந்து, கைநீட்டி இழுத்தான். "ஐயோ அம்மா!" இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிரவே முடியவில்லை.

"ஜோகுபாளையம் எலும்பு வைத்தியர் வரைக்கும் ஆட்டோ சொல்லட்டா மச்சான்?" என்றேன். சம்பந்தி சிரித்தார். எனக்கு அது போதும்.

ஒன்றை மட்டும் இந்த டைரியில் ஒத்துக்கொள்கிறேன். மேலே ஃபுல் என்று எழுதினாலும், நான் தூக்கியது காலி சிலிண்டர். அவனுக்குக் காட்டியதுதான் ஃபுல்.